காலாவதியான பச்சைப் பை

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேனா என்பதில் எனக்கே சந்தேகம்தான். பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. அன்று காற்று பலமாக அடித்தது என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் தைவானில் எங்கள் சின்ச்சு நகரத்தில் காற்று அடிக்காத நாளைத்தான் ஒருவன் ஞாபகம் வைத்திருப்பான். சியென் அக்கா எந்த வாக்கியத்தை எங்கே நின்று சொன்னார் என்பதுகூட இடம் மாறியிருக்கலாம். பையின் நிறம் பச்சை, அதில் சந்தேகம் இல்லை. குறைந்த எடை நூற்றுப் பன்னிரண்டு கிராம்; தராசைப் படித்தவன் நான். இன்னொன்றும் உறுதி. சொல்லக் கூடாததைச் சொல்லக் கூடாத இடத்தில் சொன்ன வாய் என்னுடையது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. சியென் அக்கா காப்பீட்டு நிறுவனத்தில் இருபது வருடம், தானாக எரிந்த வீடு எது, எரிக்கப்பட்ட வீடு எது என்று பிரித்துப் பார்த்தவர். பிறகு ரயிலடிக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் துப்பறியும் அலுவலகம் வைத்தார். அவர் பேசாமல் இருந்தே வேலையை முடிப்பார். அவர் பேசாத நேரமெல்லாம் நான் பேசினேன். இரண்டு பேரையும் கலந்தால் ஒரு சாதாரண மனிதன் கிடைப்பான் என்று பக்கத்து அறைப் பல் மருத்துவர் சொல்வார்.

அன்று காலைச் சிற்றுண்டிக் கடை ஒன்றில் நின்றுகொண்டிருந்தோம். கூட்டம் ஓய்ந்த நேரம். கடைக்காரம்மா, பெயர் பெங் சூ-யுன், ஐஸ்பெட்டியைத் திறந்து முள்ளங்கிக் கேக் தட்டுகளை ஒதுக்கி, அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். துண்டைப் பிரித்தார். உள்ளே முழங்கை நீளத்துக்கு ஓர் ஓணான். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள், தடித்த வாலில் வரிசை வரிசையாக முள். பாலைவனத்து முள்வால் ஓணான். குட்டியில் சுருண்டு படுத்தால் வேகவைத்த பன் மாதிரி இருக்குமாம். அதனால் அந்தப் பன்னின் பெயரையே வைத்துவிட்டார்கள்: மாந்தோ.

"சுகாதார அதிகாரி வந்தா இது எந்த மெனுவுல வருதுன்னு கேப்பானே," என்றேன்.

"வரட்டும். பழி வாங்கிட்டுத்தான் இவளைப் புதைப்பேன். அதுவரைக்கும் இங்கதான் இருப்பா."

"பன்னிரண்டு நாளாவா?"

"பன்னிரண்டு வருஷம் ஆனாலும்."

கையில் இருந்த தகட்டுக் கரண்டியால் அடுப்புக் கல்லைச் சுரண்டினார். கல் ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"பதினாலு வருஷம் என் வீட்டுக்காரர் வளத்தது. எங்களுக்குப் புள்ளை இல்ல. அக்டோபர்ல ஆஸ்பத்திரில கடைசி நாள், நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். அந்த மனுஷன் கண்ணைத் திறந்து என்ன கேட்டார் தெரியுமா? 'மாந்தோ கீரை தின்னுச்சா?' நான் சாப்பிட்டேனான்னு கேக்கல." கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்குப் பேர் மட்டும் சொல்லுங்க, சியென் அக்கா. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

"கூண்டு காலியாத்தானே கிடக்கு. அவனை உள்ள உக்கார வச்சு விளக்கைப் போடுவேன்."

"ஆள் என்ன அளவுன்னு தெரியாம, கூண்டு பத்துமான்னு எப்படி..."

அவர் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன். சியென் அக்கா அதற்குள் மாடிப்படி ஏறியிருந்தார்.

கூண்டு மாடியில், ஜன்னலை ஒட்டி. முன்னோர் கல்லறையைத் துடைத்துப் படைக்கும் பண்டிகை நாளன்று கடைக்காரம்மா மலைமேல் கணவன் கல்லறைக்குப் போயிருக்கிறார். மாலை நாலு மணிக்குத் திரும்பினால், கூண்டுக்குள் அறுபத்து நாலு டிகிரி. சூட்டை அளக்கும் கம்பி கூண்டுக்கு வெளியே தொங்கியது. அது குளிர்ந்த அறையை அளந்து, "இன்னும் சூடு போதாது, இன்னும் போதாது" என்று சொல்லிக்கொண்டே இருக்க, விளக்கு அணையாமல் எரிந்திருக்கிறது. ஓணானே காலால் இழுத்திருக்கும் என்று போலீஸ்காரர் சொல்லிவிட்டுச் சிரித்தாராம்.

அக்கா கம்பியைப் பார்க்கவில்லை. விளக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டியின் மேல் இருந்த பச்சைப் பையைப் பார்த்தார்.

தேங்காய் வாசனை போட்ட சோள நொறுக்குப் பை. ஊரில் எந்த மெஷின் மேலும் ஒன்று இருக்கும். ஆஸ்பத்திரியில், ரயில் நிலையத்தில், அறிவியல் பூங்காவின் சிப் ஆலைகளில் வரிசையாக. அது மேலே இருந்தால் மெஷின் சொன்னபடி கேட்கும். பச்சைதான் வைக்க வேண்டும்; சிவப்பை வைத்தால் நின்றுவிடும். பிரிக்கக் கூடாது, தின்னக் கூடாது. முக்கியமாக, தேதி முடிவதற்குள் புதுப் பை மாற்றிவிட வேண்டும். இதைக் கேட்டுச் சிரிப்பவர்களும் ஒன்று வைத்துவிட்டுத்தான் சிரிப்பார்கள்.

"இதை எப்ப மாத்தினீங்க?" என்றார் அக்கா. வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

"புது வருஷம் முடிஞ்சு ஆறாம் நாள். ஆகஸ்ட் வரைக்கும் தேதி இருக்கான்னு பாத்துத்தான் வாங்கினேன். அவர் பழக்கம், நான் விடல."

"பின்னால ஏதாவது எழுதுவீங்களா?"

"'மாந்தோ, நல்லா இரு'ன்னு எழுதுவேன். ஒவ்வொரு தடவையும்."

அக்கா பையைத் திருப்பினார். வெறும் பின்பக்கம். கீழே தேதி: மார்ச் 28. ஓணான் செத்தது ஏப்ரல் 5.

கடைக்காரம்மா பையை வாங்கி இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார்.

"இது என்னது இல்ல."

கீழே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்று, கடையில் ஆள் இல்லாததைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனது. நான் ஏதாவது சொல்லியிருந்தாலும் யாரும் கேட்கவில்லை.

"தேதி முடிஞ்ச பை வீட்டுல இருக்காது," என்றார் அக்கா. "தின்பண்டம். யாராவது தின்னு தீத்துடுவாங்க. வாங்கினதிலேர்ந்து தேதி முடியற வரைக்கும் ஒருத்தரும் கை வைக்காத ஒரே இடம், மெஷினோட தலை. அங்கேருந்து வந்த பை இது."

"நல்ல பையை எடுத்துட்டுச் செத்த பையை எதுக்கு வைக்கணும்?" என்றேன். "விளக்கைக் கொல்ல வந்தவனுக்கு நொறுக்குத் தீனி மேல என்ன கோபம்?"

"கோபம் இல்ல, பயம். நல்ல பை இருக்கற வரைக்கும் மெஷின் தப்பு பண்ணாதுன்னு நம்பறவன். அதான் முதல்ல தாயத்தைக் கழட்டியிருக்கான். வெறுமையா விட்டா கண்ணுல படும்னு இதை வச்சிருக்கான்." அக்கா திரும்பினார். "வீட்டுச் சாவி வேற யார்கிட்ட இருக்கு?"

"என் கொழுந்தன்கிட்ட ஒண்ணு இருக்கு. ஜூதோங்ல இருக்கான், சிப் ஆலைல வேலை. வயரிங் அவன்தான் பண்ணிக் கொடுத்தான். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

கூண்டுக்குள் ஒரு மூலையில் ஈர மணல் நிரப்பிய தொட்டி. மாந்தோ சினையாக இருந்தாள். பிப்ரவரியில் ஓணான் சங்கத்து நண்பர் ஒருவரின் ஆணோடு சேர்த்து வைத்தார்களாம். முட்டையிடுவதற்காக வைத்த மணல். "வயித்துக்குள்ளயே வெந்து போச்சு," என்றார் கடைக்காரம்மா. "அவளோட எல்லாமும்."

அக்கா குனிந்து மணலைப் பார்த்தார். சுவரில் தொங்கிய எடைக் குறிப்பைப் பார்த்தார். ஏப்ரல் 4: ஐந்நூற்று நாற்பது கிராம்.

"கீழ மாவு நிறுக்கற தராசு இருக்கா?"

உறைந்த ஓணானைத் தராசில் வைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கிழவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"முட்டை ரொட்டி ஒண்ணு, சோயா பால் சூடா... அது என்னப்பா?"

"இன்னைக்கு ஸ்பெஷல், தாத்தா. இன்னும் வேகல."

கிழவர் வந்த வழியே போனார். நான் தராசைப் படித்தேன். நானூற்று இருபத்தெட்டு.

"கிழிச்சுப் பாத்தாரா மிருக டாக்டர்?" என்றார் அக்கா.

"நான் கத்தி வைக்க விடல."

"நல்லது. காய்ஞ்சா கொஞ்சம் குறையும். நூறு கிராமுக்கு மேல குறையாது. செத்தப்புறம் யாரும் இப்படி இளைக்கறதில்லை. மேல மணலைப் பாருங்க. ஓணான் முட்டை போட்டுட்டு மூக்கால இடிச்சு மூடும். மேடு பள்ளமா இருக்கும். அது உங்க அடுப்புக் கல்லு மாதிரி இருக்கு. உள்ளங்கையால தட்டின மணல் அது."

கடைக்காரம்மா மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"முட்டை போட்டுட்டாளா?"

"போட்டுட்டா. எவனோ எடுத்துட்டுப் போயிருக்கான்."

"உயிரோட இருக்கா?"

"தெரியல. நாளைக்குச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே நடந்தார். எப்போதும் ஒரு விஷயத்தைப் பிடித்துவிட்டால்தான் அவர் 'நாளைக்கு' என்பார். அதை நான் அறிவேன். அறிந்தும் வாசலில் நின்று, காற்றை மீறிக் கேட்கும்படி சொன்னேன்:

"நாளைக்கு எதுக்கு, அக்கா? மெஷின் பக்கத்துலயே வேலை பாக்கறவன், கையில சாவி வச்சிருக்கறவன், வயரிங் தெரிஞ்சவன். அந்தக் கொழுந்தனை இன்னைக்கே போய்ப் பாத்துடலாமே."

கடைக்குள் கல்லைச் சுரண்டும் சத்தம் நின்றது.

ஜூதோங்குக்கு அரை மணி நேரப் பயணம். அக்கா வாயைத் திறக்கவில்லை.

"ஏதாவது திட்டுங்களேன், அக்கா."

ஆற்றுப் பாலம் வந்தது, போனது.

"அந்தம்மா கையில கரண்டி இருந்துச்சே, பாத்தியா?" என்றார் கடைசியில். "அது கீழ போறதுக்கு ஒரு நாள் டைம் கேட்டேன். நீ அரை மணி நேரம் வாங்கிக் கொடுத்திருக்க."

கொழுந்தன், பெயர் ஃபான் ஷி-ஹுவா, நாற்பது வயதுக்காரர். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த சிவந்த கண்கள். தனி ஆள். விளக்குக் கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்கிறோம், வயரிங் செய்தவர் என்ற முறையில் இரண்டு கேள்வி என்று அக்கா சொன்னதும், செருப்பு எடுத்துப் போட்டு உள்ளே விட்டார். நல்ல தேநீர் போட்டார். அண்ணியைப் பற்றி மரியாதையாகப் பேசினார்.

"அன்னிக்குக் கல்லறைக்கு நீங்க வரலையாமே?"

"ஷிப்ட் இருந்துச்சு, மேடம். மெஷின் பண்டிகை பாக்காது."

அவருக்குப் பின்னால், சுவரோரம், ஒயின் பாட்டில் வைக்கும் சின்னக் குளிர்பெட்டி ஒன்று. கண்ணாடிக் கதவில் உள்ளிருந்து கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. ஒயின் குடிப்பவன் பாட்டிலை மறைக்க மாட்டான். அதன் மேல் ஒரு பச்சைப் பை, குடும்பப் படம் மாதிரி நேராக, முகம் முன்னால் பார்க்க.

அக்கா தேநீரைக் குடித்தார். பேசவில்லை. எனக்கு அந்த மௌனம் பழக்கம். அது எனக்கு இடும் கட்டளை என்றும் தெரியும்.

"காலையிலேர்ந்து பட்டினி, அண்ணே," என்றபடி எழுந்தேன். "தப்பா நினைக்காதீங்க." பையை எடுத்து இரண்டு ஓரத்தையும் பிரிப்பதுபோல் பிடித்தேன்.

"தொடாதே!"

தேநீர்க் கோப்பை கவிழ்ந்தது. மேஜையைத் தாண்டி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பதினஞ்சு டாலர் பை, அண்ணே. நான் ரெண்டா வாங்கித் தரேன்."

"வை. தயவுசெஞ்சு இருந்த இடத்துலயே வை."

"திருப்பு, ஆ-லியாங்," என்றார் அக்கா.

திருப்பினேன். கறுப்பு மையில், கடை மெனு பலகையில் நான் பார்த்த அதே குண்டுக் கையெழுத்து: மாந்தோ, நல்லா இரு.

அவர் என் கையை விட்டார். தரையில் உட்கார்ந்தார். அக்கா எதுவும் கேட்கவில்லை. கேட்காததால் அவரே சொன்னார்.

"பதினோரு நாள். அண்ணன் ஆஸ்பத்திரில பதினோரு நாள் இருந்தான். பதினஞ்சு நிமிஷத் தூரத்துல நான் வேலை பாத்துட்டு இருந்தேன். ஒரு போன் இல்ல. எல்லாம் முடிஞ்சப்புறம் மெசேஜ் வருது. அந்த ஓணான் போட்டோவை அவன் கட்டில்ல ஒட்டி வச்சிருந்தாங்க. நான் இல்ல. ஓணான் இருந்துச்சு."

"அதுக்கு அது என்ன பண்ணும்?" என்றேன். வேடிக்கையாகச் சொல்லவில்லை.

"அண்ணிக்கும் தெரியணும்னு நினைச்சேன். கூட இல்லாதப்ப, தெரியாமயே, ஒண்ணு போயிடறதுன்னா என்னன்னு."

"முட்டை?" என்றார் அக்கா.

"கம்பியை வெளிய இழுத்துப் போட்டுட்டுத் திரும்பறேன், அது மணலை மூக்கால இடிச்சு மூடிட்டு இருக்கு. என்னைப் பாத்துட்டு மறுபடியும் இடிக்குது. அண்ணன் இதைப் பாக்கத்தான் அத்தனை வருஷம் காத்திருந்தான். முட்டையை விட்டுட்டு வர மனசு வரல. எடுத்துட்டு வந்து அந்தப் பெட்டியில சூடு காட்டி வச்சிருக்கேன்."

"கம்பியைத் திரும்ப உள்ள போட ஒரு செகண்டு போதும்."

ஷி-ஹுவா கவிழ்ந்த கோப்பையை நிமிர்த்தி வைத்தார்.

"போதும்," என்றார்.

சாத்தாத வாசல் கதவு அப்போது முழுசாகத் திறந்தது. கடைக்காரம்மா. ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. தோளில் துணிப்பை. ஸ்கூட்டரில் எங்களைத் தொடர்ந்தே வந்திருக்கிறார். எவ்வளவு நேரம் நின்று கேட்டார் என்று தெரியாது. முகத்தைப் பார்த்தால் முழுவதும் என்றுதான் தோன்றியது.

"அண்ணி..."

"அவர்தான் சொல்லாதேன்னார்," என்றார். "'ஷி-ஹுவா என்னை இப்படிப் பாக்கக் கூடாது, அவன் தாங்க மாட்டான்'னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினார். உன்கிட்டச் சொல்லி உன்னை அழவைக்க வேண்டாம்னு நானே சுமந்தேன். நல்லா திருப்பிக் கொடுத்த."

ஷி-ஹுவா தரையிலிருந்து எழப் பார்த்தார்.

கடைக்காரம்மா பிஸ்கட் டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்து மூடியைத் திறந்தார். "பாரு. பாத்துட்டே பதில் சொல்லு. எத்தனை முட்டை?"

"பதினாலு. ரெண்டு சுருங்கிப் போச்சு."

"எந்தப் பக்கம் மேலன்னு குறி வச்சியா?"

"பென்சில்ல வச்சிருக்கேன், அண்ணி. ஒண்ணைக்கூடப் புரட்டல. புரண்டா உள்ள செத்துடும்னு தெரியும்."

கடைக்காரம்மா நேராகக் குளிர்பெட்டியிடம் போனார். சுவரிலிருந்த பிளக்கைப் பிடித்தார். நான் எழுந்தேன், அக்கா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"வேண்டாம்," என்றார் ஷி-ஹுவா. முழங்காலில் நகர்ந்து வந்தார். "என்னை என்ன வேணா பண்ணுங்க. அதை விட்டுடுங்க. அண்ணன் பாக்கணும்னு..."

"இப்ப எப்படி இருக்கு?"

அறையில் அந்தப் பெட்டியின் முனகல் மட்டும் கேட்டது. எனக்குச் சொல்ல ஒன்றுமே தோன்றாத முதல் தடவை அது. பிறகு பல தடவை வந்தது.

கடைக்காரம்மா பிளக்கை விட்டார். என் கையிலிருந்த நல்ல பையை வாங்கித் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டார். உள்ளிருந்து இன்னொன்றை எடுத்தார். மார்ச் 28. அதைக் குளிர்பெட்டியின் மேல், நேராக, முகம் முன்னால் பார்க்க நிறுத்தினார்.

ஷி-ஹுவாவின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். பிளக்கைப் பிடித்தபோதுகூட அந்த முகம் அப்படி ஆகவில்லை.

"அண்ணி, இது பழைய பெட்டி. அந்தப் பையால்தான் ஓடுது."

"தெரியும். நீ நம்பறேன்னு தெரியும். முட்டையை இப்ப ஸ்கூட்டர்ல வச்சு நகர்த்த முடியாது. இங்கதான் இருக்கும். இன்னும் எழுபது நாள். இந்தப் பைதான் மேல இருக்கும். தினமும் ரெண்டு மணிக்கு வந்து தேதியைப் பாப்பேன். மாத்தினா, பக்கத்துல இன்னொண்ணு வச்சா, சாவியிலேர்ந்து கம்பி வரைக்கும் விஷயமெல்லாம் போலீஸுக்கும் உன் ஆலைக்கும் போகும். கெட்டுப் போச்சுன்னா, உங்க அண்ணனோட கடைசிச் சொத்தை நீயே ரெண்டாம் தடவை கொன்னதா ஆகும்." டப்பாவை மூடினார். "மெஷின்தான் பண்டிகை பாக்காதே. உக்காந்து பாத்துக்க."

படியில் இறங்கும்போது அக்காவிடம் கேட்டேன்: "அந்தப் பையில ஒண்ணும் இல்லேன்னு அந்தாளுகிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"நம்ம ஆபீஸ் பிரிண்டர் மேல இருக்கறதை நீ எடுத்துடுவியா?"

நான் மிச்சப் படிகளை இறங்கினேன்.

அதன்பின் நடந்தது இவ்வளவுதான். பெட்டி ஒரு நாளும் நிற்கவில்லை. ஷி-ஹுவா மணிக்கொரு அலாரம் வைத்து அதன் பக்கத்திலேயே படுத்தார். மே மாதம் ஆலையில் நின்றபடியே தூங்கி விழுந்தார். ஜூனில் வேலை போனது. கடைக்காரம்மா தினமும் இரண்டு மணிக்கு வந்து, தேதியைப் பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினார். ஜூன் கடைசியில் பதினொரு குட்டிகள் பொரிந்தன. எல்லாவற்றையும் அவர் எடுத்துக்கொண்டார். ஒன்றை வைத்துக்கொண்டு, பத்தைச் சங்கத்துக்காரர்களுக்குக் கொடுத்தார். கொழுந்தன் கண்ணில் காட்டக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. அந்த வாரமே மாந்தோவைக் கணவன் கல்லறைக்குப் பக்கத்தில் புதைத்தார். கடை இன்னும் நடக்கிறது. ஷி-ஹுவா தாவோயுவான் நகரத்தில் காசு போட்டால் பானம் தரும் மெஷின்களைப் பழுது பார்க்கிறார். அண்ணன் கல்லறைக்குப் பண்டிகைக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்விட்டு வந்துவிடுவாராம். சியென் அக்கா ஆறு வருடத்துக்கு முன் இறந்தார். அலுவலகத்தை நான் நடத்துகிறேன், அதிகம் பேசுவதில்லை. மார்ச் 28 தேதி போட்ட பையைக் கடைக்காரம்மா திரும்பக் கேட்கவில்லை. ஷி-ஹுவா அதைத் தூக்கிப் போடவும் இல்லை.